கோழி இறகு மரபியல்: ஜூனில் 46, மறுதேர்வில் 71

மறுதேர்வு முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. 71. ஜூனில் இதே பாடத்தில் 46 வாங்கிவிட்டு, டர்பன் வரும்வரை டாக்சியில் யாரிடமும் வாய் திறக்காமல் வந்தவள் நான். நெஞ்சு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி, 18 மதிப்பெண். கறுப்புச் சேவல், வரி போட்ட பெட்டை. குஞ்சுகள் எப்படி இருக்கும், அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும்? ஈயையும் மனிதனையும் போட்டுப் போட்டுப் பழகிய கை, சேவலின் பால் குரோமோசோமை எக்ஸ்-ஒய் என்று எழுதிவிட்டது. பறவையில் சேவல்தான் இசட்-இசட், பெட்டை இசட்-டபிள்யூ. எனக்குத் தெரியாத விஷயமில்லை. இருந்தும் எழுதினேன், 'எல்லாக் குஞ்சும் வரிக்கோழி' என்று விடை வந்தது, அதற்குப் பிறகு எழுதிய ஒன்றரைப் பக்கமும் வீண்.

சரியான விடை: மகன்கள் எல்லாம் வரி, மகள்கள் எல்லாம் கறுப்பு. வரி ஜீன் இசட்டில் இருக்கிறது, கறுப்பை அடக்கும். தாயிடம் இருக்கும் ஒரே இசட் மகன்களுக்குப் போகிறது. மகள்களுக்கு அப்பாவின் இசட் மட்டும்தான். அடுத்த தலைமுறையில் இரண்டு பாலிலும் பாதி வரி, பாதி கறுப்பு.

இது மனதில் ஊன்றியது புத்தகத்தால் அல்ல, வெருலத்தில் ஆயா வீட்டுக் கொல்லையில்தான். ஆயா வளர்ப்பது குக்குக் கோழி. 1950களில் பொச்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் உருவான நம் தென்னாப்பிரிக்க இனம். அன்று காலை பொரித்த குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்து, சமையலறை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் தலைமயிரை ஒதுக்கிக் காட்டினார். "இது சேவல் பாரு கண்ணு, உச்சியில சுண்ணாம்பு சிதறின மாதிரி இருக்கு. இதுக்குக் கொஞ்சூண்டு புள்ளி, பெட்டை." அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே ஜீன் கணக்கு. சேவலிடம் வரி ஜீன் இரண்டு, பெட்டையிடம் ஒன்று. அதனால்தான் குஞ்சில் சேவலுக்கு வெள்ளைப் பொட்டு பெரிதாகப் பரவுகிறது, வளர்ந்த பிறகும் சேவல் வெளிறியும் பெட்டை கருமையாகவும் தெரிகிறது. எத்தனை வருடமாக அந்தக் கொல்லையில் தண்ணீர் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: கேள்வித்தாளைப் புரட்டுவதற்கு முன், விடைத்தாள் ஓரத்தில் 'சேவல் இசட்-இசட், பெட்டை இசட்-டபிள்யூ' என்று எழுதுங்கள். டபிள்யூவுக்கு மேல் ஒரு சின்னக் கோடு போடுங்கள், அங்கே அலீல், அதாவது ஜீனின் வடிவம், எதுவும் கிடையாது. பெட்டையின் பக்கத்தில் இரண்டு அலீல் எழுத்து வந்தால் உடனே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மற்றவை, எனக்குத் தோன்றிய வரிசையில்:

- வெள்ளை என்றதும் ஒரே ஜீன் என்று நினைக்காதீர்கள். ஓங்கு வெள்ளை (ஒரு பிரதி இருந்தாலே தெரிவது) பிஎம்இஎல்17 ஜீனில் 9 டிஎன்ஏ எழுத்து கூடுதலாக நுழைந்ததால் வருவது. கறுப்பைத்தான் அதிகம் அழிக்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. ஒடுங்கு வெள்ளை (இரண்டு பிரதி இருந்தால்தான் தெரிவது) டைரோசினேஸ் ஜீனில். லெகார்ன் இனக் கோழியின் ஓங்கு வெள்ளையை ஒடுங்கு வெள்ளையோடு சேர்த்தால் முதல் தலைமுறை வெள்ளை, அடுத்தது 13 வெள்ளைக்கு 3 நிறக்கோழி. மறுதேர்வில் இது வந்தது. 16 கட்டங்களையும் கையால் போட்டேன், நேரம் போனாலும் பரவாயில்லை.
- வெள்ளை லெகார்ன் பலவற்றில் வரி ஜீன் வெள்ளைக்கு அடியில் ஒளிந்திருக்கும். 'தாய் வெள்ளை, பேத்தி வரிக்கோழி, எப்படி?' என்று கேட்டால் இங்கே தேடுங்கள்.
- அந்தலூசிய நீலம்: 1 கறுப்பு, 2 நீலம், 1 வெளிர். நீலமும் நீலமும் சேர்ந்தால் எல்லாம் நீலமாகாது.
- கறுப்பு உடம்பு முழுக்கப் பரவுவதற்கு எம்சி1ஆர் ஜீன். வெள்ளி, பொன் நிறத்துக்கு எஸ்எல்சி45ஏ2 ஜீன், அதுவும் இசட்டில்தான். ஓரத்தில் எழுதிய வரியை மறுபடி பாருங்கள்.

கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பிறர் விளக்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், தனியாக உட்கார்ந்தால் கை ஓடாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஒரு நாளைக்கு மூன்று கலப்புக் கணக்கு, பார்க்காமல், பேனாவில். பென்சில் வேண்டாம். அழிக்க முடியாது என்றால்தான் தொடங்கும் முன் யோசிப்போம். 12 நாள் இப்படிப் போட்டேன்.

முடிவு வந்த மறுநாள் ஆயா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கறுப்பு ஆஸ்திரலார்ப் சேவலை இரவல் வாங்கி, தனியாக வைத்திருந்த குக்குக் பெட்டைகளோடு சேர்த்திருந்தார். 11 குஞ்சு. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: 5க்குத் தலையில் பொட்டு, 6க்கு இல்லை. பொட்டில்லாத ஆறுக்கும் காலில் தளர்வாகச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன்.