சித்தப்பாட செட்டுக்கு ஐசி தேடினது

சித்தப்பாட அம்பிளிஃபயர் போன மாசம் ஒரு பக்கம் கரகரத்து, பிறகு ஒரேயடியா நிண்டு போச்சு. தொண்ணூறுகளில சண்டையால யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லாம, பட்டரியும் உள்ள விடாம இருந்த நேரம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட மனுசன், பிறகு கரண்ட் வந்தாப்போல ஆசைப்பட்டு வாங்கின செட் அது, அதால புளூடூத் ஸ்பீக்கர் ஒண்டு வாங்குங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

கழட்டிப் பாத்தா சத்தத்தைப் பெருக்கிற ஐசி எஸ்டிகே4141. சான்யோட ஹைபிரிட் ஐசி, ரெண்டு சனலுக்கும் வேண்டிய டிரான்சிஸ்டர் ரெசிஸ்டர் எல்லாத்தையும் ஒரு அலுமினியத் தகட்டில பதிச்சு மேல கறுப்பு மூடி ஒட்டினது, 18 கால். உள்ள ஒண்டு எரிஞ்சாலும் முழுசா மாத்தத்தான் வேணும். ஆனா சான்யோட செமிகண்டக்டர் பகுதியை 2011 ஜனவரியில ஓன் செமிகண்டக்டர் வாங்கிட்டுது, மிச்சக் கம்பனி பானசோனிக்குக்குள்ள போட்டுது. இந்த ஐசி செய்யிறதும் நிண்டு போச்சு, ஏஜென்ட்டிட்ட ஓடர் குடுக்கிற கதையே இல்ல.

முதல்ல கொழும்பில ஒரு கடையில எடுப்பிச்சன். "தம்பி நூறு வீதம் ஒரிஜினல், புத்தம் புதுசு" எண்டவர். பளபளப்பா, எழுத்தெல்லாம் வெள்ளை வெளேரெண்டு இருந்துது. போட்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினன், பத்து நிமிசத்தில கருகின மணம் வந்திட்டுது. கோவத்தில பிளேட்டால மூடியை நெம்பிப் பாத்தன், சித்தப்பாட செத்ததையும் பக்கத்தில திறந்து வச்சன். பழசில அவுட்புட் டிரான்சிஸ்டருக்குக் கீழ வெப்பம் பரவ எண்டு தனியா ஒரு உலோகத் துண்டு, இதில சின்னனா ஒரு சிலிக்கன் சிப் நேரா தகட்டில. தகடும் மெல்லிசு. அசிட்டோன் தொட்ட பஞ்சால துடைச்சா கறுப்பு மையே கையோட வருது. போலிதான்.

பிறகுதான் சிங்கப்பூரில ஒரு ஸ்டாக்கிஸ்டைப் பிடிச்சன். இவை கம்பனி ஏஜென்ட் இல்ல, மூடின ஃபக்டரியளிலயும் ரிப்பயர் சென்டர்களிலயும் மிஞ்சினதை மொத்தமா அள்ளி வச்சு விக்கிற ஆக்கள். அந்தாள் ஒரிஜினல் எண்டு ஒரு சத்தியமும் பண்ணேல்ல. "இது போர்டில இருந்து கழட்டினது, காலில ஈயம் இருக்கும், டெஸ்ட் பண்ணினது, வேலை செய்யாட்டி 30 நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்" எண்டு எழுதி, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் கிட்ட வச்சுப் படமும் எடுத்து அனுப்பினவர். புதுசு எண்டு சொல்லாததாலதான் நான் நம்பினன், செய்யிறதே நிண்டு போன சாமான் இப்பவும் பளபளக்குது எண்டா அதுதான் யோசிக்க வைக்கோணும். ஷிப்பிங் செலவு ஐசி விலையை விடக் கூட, அதால ரெண்டு எடுத்தன்.

வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு போடேல்ல. 60 வாட்ஸ் குண்டு பல்பை செட்டுக்கு வாற கரண்ட் வயருக்கு நடுவில சீரிஸா குடுத்து ஓன் பண்ணினன், பல்ப் ஒருக்கா பத்தி மங்கிச்சு, அப்பாடா எண்டு இருந்துது, ஷோர்ட் எண்டா மங்காம நிண்டு எரியும். ஸ்பீக்கர் கழட்டி அவுட்புட்டில மீட்டர் வச்சா டிசி 30 மில்லிவோல்ட் சொச்சம்தான், ஸ்பீக்கரை எரிக்கிற அளவு இல்ல. ஓன் பண்ண முதலே, சூடு இழுக்கிற ஹீட்சிங்கில பழைய பேஸ்டை வடிவா சுரண்டிப் புதுசு பூசி முறுக்கியிருந்தன்.

சித்தப்பா நாதஸ்வரக் கசெட் ஒண்டு போட்டுக் காதைக் குடுத்துக் கேட்டிட்டு, "முந்தி இப்பிடிக் கீச்சிடேல்லயடா" எண்டார். ட்ரெபிள் திருகு கடைசிமட்டும் திருப்பி இருந்துது.