பூக்காத செடியையும் படம் எடுத்த கதை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைகள் பக்கம் பல வருடமாக நடைபயணம் போய்வருகிறேன். ஏறினால் உச்சி, இறங்கினால் கார் என்றே பழக்கம். காலடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தது போன ஜூனில்தான். மலைப்பாதைச் செடிகளைப் படம் எடுத்து, செடி, விலங்குகளைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்படி அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடைபயணிகளைக் கேட்கிறது. எந்த உயரத்தில் எது எப்போது மொட்டு விடுகிறது, பூக்கிறது, காய்க்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய கணக்கு. அதனால் பூ இல்லாத வெறும் இலையும் ஒரு பதிவுதான். இது என் மண்டையில் ஏற நாளாயிற்று.

பிங்கம் நாட்ச் என்ற மலைக் கணவாயிலிருந்து ஏறினேன். கீழே மேப்பிளும் பீச்சும். மேலே போகப் போக ஸ்ப்ரூஸும் பால்சம் ஃபிரும் நெருங்கி வந்து வெயிலை அடைத்துவிட்டன. ஊசியிலையை விரலிடையில் உருட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்: ஸ்ப்ரூஸ் நாற்பட்டையாக உருளும், குத்தும், ஃபிர் தட்டை, உருளாது. பாதையடியில் பெயின்டட் டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடி வாடிக் கிடந்தது. அதே செடி இரண்டு மணி நேரம் ஏறியதும் அப்போதுதான் விரிந்த பூவோடு நின்றது. இடையில் இருந்த பூவற்ற டிரில்லியங்களை எல்லாம் நான் கண்டுகொள்ளாமல் தாண்டி வந்திருந்தேன். இறங்கும்போது அவற்றையும் எடுத்தேன்.

அதிக நேரம் பிடித்தது பன்ச்பெர்ரி என்ற குட்டிச் செடி. ஒரு சாண்கூட உயரமில்லை. வெள்ளையாக நாலு இதழ் தெரிந்ததுமே 'பூத்தது' என்று குறித்துக்கொண்டு போனேன். அப்புறம்தான் புரிந்தது, அவை இதழே இல்லை, வெளுத்த இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் கடுகளவில் கொத்தாக இருக்கின்றன. மண்டியிட்டுப் பார்த்தால் பாதி இன்னும் மூடிய மொட்டு. ஒரு மொட்டைப் புல் நுனியால் தொட்டேன், பட்டென்று மகரந்தம் தெறித்தது. அரை மில்லி விநாடிக்குள் திறந்துவிடுமாம், கண்ணுக்கு எங்கே பிடிபடும்! அதற்குள் பிளாக் ஃப்ளை என்ற கடிக்கும் குட்டி ஈ காதோரம் நாலு இடத்தில் கடித்து ரத்தம் பார்த்துவிட்டது. ஜூனில் போகிறவர்கள் தலைக்கு வலை எடுத்துப் போங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் மூன்று படம் எடுத்தேன்: முழுச் செடி, இலை, நடுப்பகுதி நெருக்கத்தில். சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். அடர்ந்த மரத்தடியில் மட்டும் இடம் துல்லியமாக விழச் சற்று நிற்க வேண்டும்.

நெருக்கப் படங்களுக்குக் கேமரா கொண்டுபோனேன். வினை அதில்தான். இரவு விடுதியில் ஏற்றப் பார்த்தால், பிற்பகல் படங்களை எல்லாம் எதிர்காலத் தேதி என்று தளம் தள்ளிவிட்டது. ஊருக்குப் போய்வந்த பிறகு கேமரா கடிகாரத்தை மாற்றவே இல்லை. அது இன்னும் ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடும் இந்திய நேரத்திலேயே இருக்க, மதியம் இரண்டரைக்கே மறுநாள் பிறந்திருக்கிறது! காலைப் படங்களோ, நேரம் தப்பாகவே சத்தமில்லாமல் உள்ளே போயிருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அடுத்த வாரம் தளத்தில் ஒருவர் என் பதிவு ஒன்றை மறுத்திருந்தார். அகலமான இரண்டு இலை, பூ கிடையாது. லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று ஆசையில் போட்டிருந்தேன். அதன் இலையில் மடிப்பு மடிப்பாக வரி ஓடும், இது வழுவழுப்பாக இருக்கிறதே, புளூபீட் லில்லியாக இருக்கலாம் என்றார். எனக்கு லேசாகக் கோபம்தான். ஆகஸ்டில் அதே வளைவுக்குப் போய்ப் பார்த்தேன். தண்டு நுனியில் கருநீலமாக மூன்று பழம். சரி என்று அங்கேயே நின்று மூன்று படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.