பிங்கில் பூச்சியம்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிப்ளோமா, இரண்டாவது தடவை, பாஸ். முதல் தடவையும் எழுத்துத்தாளில் புள்ளி நன்றாகத்தான் இருந்தது. கவிழ்ந்தது செயன்முறையில்.

ஹப்புத்தளையில் மாமா நடத்தும் தங்குமிடத்தின் தளத்தைத்தான் புரொஜெக்ட்டுக்கு எடுத்திருந்தேன். லிப்டன் சீட் பக்கம் அறை தேடினால் கூகுளில் முதல் பக்கத்திலேயே வரும். அந்தத் தெம்பில் வைவாவுக்குப் போனால், சேர் கூகுளைத் திறக்கவே இல்லை. மைக்ரோசொஃப்ட்டின் தேடுபொறியான பிங்கில், ஒரு தளத்தின் எந்தப் பக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் 'சைட்:' போட்டு எங்கள் முகவரியை அடித்தார். ஒரு பக்கம்கூட இல்லை. டக்டக்கோ, யாகூ இரண்டிலும் இல்லை. அவை பெரும்பாலும் பிங்கிடம் வாங்கித்தான் காட்டுகின்றன என்று எழுத்துத்தாளில் நானே எழுதியிருந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

காரணம் ரோபோட்ஸ் கோப்பு. தேடுபொறிகளுக்காகப் பக்கங்களை வாசித்துப்போகும் பொட் நிரல்களுக்கு, தளத்தில் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு அது. ஒரு சீனியரிடம் வாங்கி அப்படியே ஒட்டியது. மேலே கூகுள்பொட்டுக்கு வழிவிட்டு, கீழே நட்சத்திரக் குறி போட்டு மற்ற எல்லாருக்கும் கதவைச் சாத்தியிருந்தது. கூகுள்பொட் தன் பெயருள்ள பகுதியை மட்டும் பார்க்கும். பிங்பொட்டுக்குத் தனிப் பகுதி இல்லாததால் அது நட்சத்திரத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிவிட்டது. இரண்டே வரி, ஆறு மாதம் போச்சு.

அதனால் மற்றதெல்லாம் பிறகு. முதல் நாளே அந்தக் கோப்பைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். கூட்டமாகப் படிப்பவர்கள் இதைச் செய்வதில்லை, ஆளுக்கு ஆள் மற்றவன் பார்த்திருப்பான் என்று விட்டுவிடுவார்கள். எனக்குத் தனியே இருந்தால்தான் சரி.

அப்புறம்:

- கூகுளின் சேர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிட்டால், பிங்கின் அதே மாதிரிக் கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் இம்போர்ட் கொடுத்து அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.
- பக்கம் மாறியதும் தேடுபொறிக்கு உடனே அறிவிக்கும் இன்டெக்ஸ்நவ், 2021இல் பிங்கும் ரஷ்யத் தேடுபொறி யான்டெக்ஸும் கொண்டுவந்தது. கூகுள் அதில் சேரவில்லை. அதனால் கூகுளுக்கு சைட்மேப், அதாவது தளத்தின் பக்கப் பட்டியல், கொடுங்கள்.
- பக்கத்தின் கோடில் தேடுசொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.
- எல்ல என்ற ஊர்ப் பக்கம் ரஷ்யர்கள் வருகிறார்கள். ரஷ்ய மொழியில் ஒரு பக்கமாவது இல்லாமல் யான்டெக்ஸில் மினக்கெடுவது வீண்.
- பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். மாமா எடுத்த பனிமூட்டப் படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். மழை நேரத்தில் எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான், அதில் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது.

வைவாவுக்கு முந்திய இரவு எல்லாத் தேடுபொறியிலும் 'சைட்:' போட்டுப் பாருங்கள். எனக்கு டேட்டா முடிந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அண்ணனை எழுப்பி ஹொட்ஸ்பொட் வாங்கிப் பார்த்தேன்.