தவில் இல்லாத கச்சேரி

"தவில்காரர் இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டார் எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் அண்ணன். மாடியில் ஏதோ வீட்டில் நிச்சயதார்த்தம் என்று நினைத்துவிட்டார். நான் ஊதுவது ஓபோ, நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு மேற்கத்தியக் குழல். காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தது மோட்சார்ட்டின் ஓபோ குவார்ட்டெட், அதாவது நாலு வாத்தியத்துக்கான இசை, 1781இல் ராம் என்ற ஜெர்மன் ஓபோ கலைஞருக்காக ம்யூனிக்கில் எழுதியது. வயலின், வயோலா, செல்லோ மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுசாகும். என் பங்கை மட்டும் தனியாக ஊதினால், மயிலாப்பூரில் யாருக்கும் முகூர்த்த நேரம்தான் ஞாபகம் வரும். சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

கல்யாணமாகி சென்னைக்கு வந்தவள் நான். கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போன மண் இது என்பதால், "சொந்த ஊருக்கே வந்துட்ட" என்கிறார்கள் கணவர் வீட்டில். என் சொந்த ஊர் பினாங்கு. விசா வரிசையில் நிற்கும்போதுதான் அது எல்லோருக்கும் உறைக்கிறது.

புழுக்கம் எனக்குப் புதிதில்லை, பினாங்கிலும் அதேதான். வெளியே வேர்த்துக் கொட்டிவிட்டு ஏசி அரங்குக்குள் நுழைவதுதான் தொல்லை. ஓபோவின் மரம் திடீர் குளிரில் வெடித்துவிடும். குழந்தையைப் போல அணைத்துச் சூடேற்றிய பிறகுதான் ஊதவே தொடங்குவேன்.

அப்புறம் ரீடு, வாயில் வைத்து ஊதுகிற நாக்குத் துண்டு. பெரும்பாலும் தெற்கு பிரான்சின் வார் பகுதி நாணலிலிருந்து வருவது. இரண்டு மெல்லிய தகடுகளைச் சின்னக் குழாயில் நூலால் கட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கத்தியால் சீவ வேண்டும். தனியாக வாயில் வைத்து ஊதினால் காக்கை கரைவது போல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குப்பைத் தொட்டி. கோயிலில் வாசிக்கும் நாதஸ்வரக்காரர் ஒருவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய குழலில் அவர்கள் ரீடான சீவாளிகள், திருவாவடுதுறையில் செய்தவை, கொத்தாகத் தொங்கின. "இத்துனூண்டு இருக்கே, என்ன விலைங்க?" இரண்டாயிரத்துக்கு மேல் என்றேன். அதற்குப் பிறகு அதைத் தொடவே அவருக்குப் பயம்.

ஆனால் என்னை இந்த ஊரில் பிடித்து வைத்தது, இங்கே கச்சேரி கேட்கிறவர்கள்தான். எழும்பூரில் ஒரு சின்ன அரங்கில், பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் 1951இல் எழுதிய 'சிக்ஸ் மெட்டமார்ஃபசஸ்' வாசித்தேன். பக்கவாத்தியமே கிடையாது, ஓபோ மட்டும். முதல் துண்டு 'பான்' என்கிற கிரேக்கக் காட்டுத் தெய்வத்தைப் பற்றியது. அதற்குத் தாளக்கட்டு இல்லை. ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி வேகமெடுத்து, சட்டென்று நின்றுவிடும். முதல் வரிசைப் பெரியவர் பழக்கதோஷத்தில் தொடையில் தட்ட ஆரம்பித்தார். ஆதி தாளம் இல்லை. விரலை மடக்கிப் பார்த்தார். ரூபகமும் இல்லை. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு, ஆலாபனைக்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். நான் நிறுத்திய இடத்தில் நாக்கால் "த்சொ" என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ "ஆஹா!"

கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்களுக்குக் கீழே இருக்கும் அரங்கில் இருமினாலே பக்கத்து இருக்கை முறைக்கும். நான் வாசிப்பது அவர்களுக்குப் பிடிக்கிறதா என்பது கடைசிக் கைதட்டலில்தான் தெரியும். இங்கே அந்தந்த சங்கதிக்கு அங்கேயே கூலி கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் எழுந்து காபிக்கும் போய்விடுகிறார்கள், அது வேறு விஷயம்.

முடிந்ததும் ஒரு மாமி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்னா இருந்தது. ஒரு கல்யாணி வாசிக்கப்படாதோ?" துளைகளை உலோகச் சாவிகளால் மூடித் திறக்கிற வாத்தியம் மாமி, நாதஸ்வரம் போலத் துளைமேல் விரலை வழுக்கிச் சுரத்தை அசைக்கிற கமகம் கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். "வராதாவது! வாசி, வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உதட்டாலேயே மத்தியமத்தை அசைத்துப் பார்க்கிறேன். வருகிறது என்று சொல்ல மாட்டேன்.

மார்கழியில் எந்த சபா கேன்டீனில் எது நன்றாக இருக்கும் என்று மற்றவர்களுக்கே சொல்லித்தரும் அளவுக்குச் சென்னைக்காரி ஆகிவிட்டேன். ஆனால் தை பிறந்தால் போதும், மனம் பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் தேருக்குப் பின்னால் போய்விடுகிறது. ரோடு முழுக்க மலை மலையாகத் தேங்காய், உடைக்கிற சத்தம், காலெல்லாம் இளநீர்ப் பிசுபிசுப்பு. அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்த நாதஸ்வரத்தைக் கேட்டுத்தான், பள்ளி பேண்டில் எல்லோரும் ட்ரம்பெட்டுக்கு அடித்துக்கொண்டபோது நான் ஓபோவை எடுத்தேன். அம்மா இன்றைக்கும் கோயில் தெருவிலிருந்துதான் போன் போடுகிறார், பின்னணியில் தே தாரிக் என்கிற மலேசிய ஆற்றிய டீக்கடைச் சத்தத்தோடு.

அடுத்த கச்சேரிக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் 'மூன்று ரொமான்ஸ்கள்', பியானோவோடு. மூச்சு வாங்கவே இடம் விடாமல் எழுதிய மனுஷன். முதல் இரண்டில் பெரியவருக்குச் சிக்கல் இருக்காது. மூன்றாவதில் தாளம் நாலடி போய்த் தயங்கும், மறுபடி கிளம்பும், மறுபடி தயங்கும். முதல் வரிசையில் இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார், என்ன செய்கிறார் பார்க்கலாம்.