கோல் கைமாறும் இடம்: ஒரு கல்வியாண்டின் நாட்குறிப்பு

2024 ஜூன் 24, திங்கள்

இந்த ஆண்டு தடகள மன்றத்தின் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நான் இயற்பியல் ஆசிரியை. களத்தில் பயிற்சி அளிப்பவர் உடற்கல்வி ஆசிரியர்தான். பெயர்ப் பதிவு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், இலக்கிய மன்றத்தோடும் சதுரங்க மன்றத்தோடும் பயிற்சி நாள் மோதாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை என் வேலை. நால்வர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி, ஒரு சிறு கோலை அடுத்தவரிடம் கைமாற்றிக் கொடுக்கும் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் மாணவியர் அணிக்கு மட்டும் இன்று 17 பேர் பெயர் கொடுத்தார்கள். ஓடப்போவது நால்வர், மாற்று வீராங்கனைகள் இருவர். மீதமுள்ள 11 பேரும் அணித் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து மைதானத்துப் பக்கம் வர மாட்டார்கள், ஆண்டுதோறும் அப்படித்தான் என்றார் உடற்கல்வி ஆசிரியர். அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே வேகமாக ஓடுகிறவர்களைக் கண்டெடுப்பதற்கு மட்டும்தான் மன்றம் என்றால், அதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதுமே, ஓராண்டு எதற்கு?

ஜூலை 5, வெள்ளி

தேர்வு ஓட்டம் நடந்தது. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு ஸ்டாப்வாட்சுகளும் ஏறத்தாழ 0.3 விநாடி வேறுபட்டன. கடிகாரம் பழுதோ என்று ஐயப்பட்டு, இரண்டையும் ஒரே கணத்தில் அழுத்திப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே ஓடின. கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

கோளாறைக் கண்டுபிடித்தவள் தேர்வில் பதினான்காவதாக வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் விசில் ஊதிக்கொண்டே கொடியைக் கீழே வீசுகிறார். நேரம் குறித்தவர்களில் ஒருத்தி கொடியைப் பார்த்து அழுத்தியிருக்கிறாள், இன்னொருத்தி விசிலைக் கேட்டு அழுத்தியிருக்கிறாள். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்றால், 100 மீட்டரைக் கடந்து முடிவுக்கோட்டை அடைய ஏறத்தாழ 0.29 விநாடி ஆகும். விசிலைக் கேட்டு அழுத்தியவரின் கடிகாரம் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும். ஓடியவர் உண்மையில் ஓடியதைவிட வேகமாக ஓடியதாகத் தோன்றும். பெரிய போட்டிகளில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியின் ஓசையைக் கேட்டு அல்ல, அதன் புகையையோ ஒளியையோ பார்த்துத்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான். நான் வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டபோது எவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத அதே கணக்கை இன்று 11 பேரும் சூழ்ந்து நின்று வாதிட்டார்கள்.

அங்கேயே நேரக் குழு ஒன்றை அமைத்தோம். ஓர் ஓட்டத்துக்கு மூன்று கடிகாரங்கள் இருக்கும். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் இருப்பது. கையால் குறித்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு உயர்த்தி எழுத வேண்டும், 14.31 என்று காட்டினால் அது 14.4. கண்டுபிடித்த மாணவியிடம் நீள நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் கோடு போட்டு, தேதி, காற்று, தரை ஈரமா உலர்வா என்று அவளாகவே தலைப்பிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பாரிஸ் ஒலிம்பிக் முடிந்துவிட்டது. கடந்த 9ஆம் தேதி நடந்த ஆடவர் 4×100 இறுதி ஓட்டத்தைப் பற்றித்தான் மாலை முழுதும் பேசினோம். அமெரிக்க அணியின் முதல் கைமாற்றம் உரிய பகுதிக்கு வெளியே நிகழ்ந்ததால் அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது; தங்கம் கனடாவுக்குப் போனது. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஆடவர் அணி, மகளிர் அணி இரண்டுமே கோலைத் தவறவிட்டன. உலகிலேயே வேகமாக ஓடுகிறவர்களுக்கும் இது நேர்கிறது என்று கேட்டபோது நம் பெண்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பிறகு ஒரு கணக்குக் கொடுத்தேன். உசைன் போல்ட்டின் 100 மீட்டர் உலக சாதனை 9.58 விநாடி. அதை நான்கால் பெருக்கினால் 38.32. ஆனால் 2012 லண்டனில் ஜமைக்கா அணி 36.84 விநாடியில் ஓடி முடித்தது. நான்கு போல்ட்டுகளைவிட ஓர் அணி எப்படி வேகமாக ஓட முடியும்? முதலில் ஓடுபவர் மட்டுமே நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறார். மற்ற மூவரும் ஓட்டத்தில் இருக்கும்போதே கோலை வாங்குகிறார்கள் என்று நேரக் குழுவிலிருந்தே விடை வந்தது. அப்படியானால் வேகமாக ஓடுகிற நால்வர்தான் சிறந்த அணி என்று சொல்லிவிட முடியாது. தேர்வில் ஏழாவதாக வந்த மாணவியை இன்று அணியில் மூன்றாவதாக ஓடவிட்டுப் பார்க்க உடற்கல்வி ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அவள் வளைவில் நன்றாக ஓடுகிறாள்; கோல் வாங்கும்போது கை ஆடுவதே இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

கைமாற்றும் பகுதி 30 மீட்டர். வாங்குபவர் அதற்குள்ளேயே நின்று புறப்பட்டு, அதற்குள்ளேயே கோலை வாங்கிவிட வேண்டும். நடுவர் பார்ப்பது ஓடுபவரின் காலையோ உடலையோ அல்ல, கோல் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. முதலாமவர் வலக்கையில் கொண்டுவந்து இரண்டாமவரின் இடக்கையில் தருகிறார். அவர் மூன்றாமவரின் வலக்கையில் தருகிறார். அவர் நான்காமவரின் இடக்கையில். எவரும் கை மாற்றிப் பிடிப்பதில்லை.

எல்லாமே அடையாளக் குறியில் இருக்கிறது. வாங்குபவர் தான் நிற்குமிடத்திலிருந்து பின்னோக்கிப் பாதம் பாதமாக அளந்து தரையில் ஒரு குறி ஒட்டுகிறார். வருபவர் அந்தக் குறியைத் தொட்ட கணத்தில் திரும்பிப் பாராமல் புறப்படுகிறார். எட்டிப்பிடிக்க முடியாமல் போனால் குறியை அருகில் கொண்டுவர வேண்டும். முட்டிக்கொண்டால் தள்ளிவைக்க வேண்டும். இரண்டாவது கைமாற்றத்துக்கு 20 பாதத்தில் தொடங்கி, 18, 16 என்று குறைத்து, இன்று 17இல் நின்றோம். பின்னால் நீட்டிய உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருக்க, கட்டைவிரல் விலகி நிற்க, “பிடி!” என்ற குரலோடு கோல் சட்டென்று உட்கார்ந்தது. “மிஸ், நான் பார்க்கவே இல்ல, கோல் தானா கையில வந்துடுச்சு!” என்று கோலை வாங்கியவள் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். ஒவ்வொரு முயற்சியும் நோட்டில் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. இரண்டாவது கைமாற்றத்தில் மஞ்சள் கொடி உயர்ந்தது. கோல் எல்லைக்கோட்டுக்கு வெளியே கைமாறிவிட்டது, தகுதி நீக்கம். மூன்றாவதாக ஓடியவள் தன்மீதுதான் பிழை என்று அழுதாள்.

பிழை அவளுடையது அல்ல. இரண்டாவதாக ஓடியவள் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் 200 மீட்டர் தகுதிச் சுற்றை ஓடி முடித்திருந்தாள். களைத்த காலுடன் வருபவருக்கு 17 பாதம் அதிகம். நேரக் குழு மாணவி பேருந்தில் திரும்பும்போது நோட்டை விரித்து என்னிடம் காட்டினாள்: செப்டம்பரில் இரண்டு நாள்கள் இதே பெண் 200 மீட்டர் ஓடிய பிறகு பயிற்சி எடுத்திருக்கிறாள், இரண்டு நாளும் கோல் எட்டவில்லை, குறியை 15 பாதத்துக்குக் கொண்டுவந்த பிறகே சரியாயிற்று. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன். “யாரும் கேக்கலையே மிஸ்” என்றாள். அவளைக் கூட்டத்தோடு உட்காரச் சொல்லிவிட்டு அணியை மட்டும் களத்துக்குள் அழைத்துச் சென்றது நான். குழு அமைத்தேன், நோட்டுக் கொடுத்தேன், ஆனால் அதில் எழுதியிருப்பதைக் கேட்டு நடக்க வேண்டிய நாளில் கேட்கவில்லை. இந்த ஆண்டு எனக்கு மிகவும் வலித்த நாள் இது.

நவம்பர் 12, செவ்வாய்

தேர்வு நெருங்குவதால் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்குப் போய்விட்டது. இதை நான் ஏற்கவில்லை, ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியும்விட்டேன். காலையில் அரை மணி நேரம் மட்டும் கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். இன்று சதுரங்க மன்றத்தில் பலகைகளைவிடப் பிள்ளைகள் மூன்று மடங்கு. காத்திருப்பவர்கள் வேடிக்கை பார்த்துச் சலிக்காமல், ஒவ்வொரு பலகைக்கும் ஒருவர் உட்கார்ந்து நகர்த்தல்களை எழுதட்டும், ஆட்டம் முடிந்ததும் எழுதியவரே எந்த நகர்த்தலில் நிலை மாறியது என்று ஆடியவர்களுக்குச் சொல்லட்டும் என்று அந்த மன்றத்தின் ஆசிரியரிடம் சொன்னேன். உடனே செய்தார். பேசவே தயங்கும் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பத்தாம் வகுப்பு அண்ணனிடம், “இங்க குதிரையை எடுத்திருக்கக் கூடாதுண்ணா” என்று விரலை வைத்துக் காட்டினான்.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளி விளையாட்டு விழா. நம் அணி கடைசியாக ஒருமுறை சேர்ந்து ஓடியது. ஓட்டத்துக்கு முன் நேரக் குழு மாணவியைக் களத்துக்குள் அழைத்து, குறி எத்தனை பாதம் என்று கேட்டேன். இரண்டாவதாக ஓடுபவளின் முகத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, “காலையில எதுவும் ஓடல. ஆனா தரை ஈரம். பதினாறு” என்றாள். குறியையும் அவளே குனிந்து ஒட்டினாள். கோல் எல்லைக்குள் நன்றாக உள்ளேயே கைமாறியது.

மூன்று கடிகாரங்களில் இரண்டு 55.4, ஒன்று 55.6. எனவே 55.4. ஆண்டில் இதுவரை இவர்கள் ஓடியதிலேயே குறைந்த நேரம். ஓடிய நால்வரும் முதலில் போய் நின்றது நோட்டைச் சுற்றித்தான். ஜூன் மாதம் பெயர் கொடுத்த 17 பேரில் இன்று மைதானத்தில் 15 பேர் இருந்தார்கள். ஒருத்தி வேறு ஊருக்குப் போய்விட்டாள், இன்னொருத்திக்குக் காய்ச்சல்.

நோட்டில் இன்னும் இரண்டு பக்கமே மிச்சம். நீளம் தாண்டுபவர்களின் ஓட்ட அடிகளை அளக்கத் தனி நோட்டு வேண்டும் என்கிறாள் நேரக் குழு மாணவி. திங்களன்று கொண்டுபோக வேண்டும்.