தேவனாம்பட்டினத்துக் கடல்தண்ணி

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று தனிமம், சேர்மம், கலவை. வெறும் வரையறையைப் பலகையில் எழுதிப்போட எனக்கு மனசு வராது. கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவியிடம் ஒரு பாட்டில் கடல்தண்ணி கேட்டிருந்தேன்.

குலுக்கியதும் மணல் சுழன்றது, பலபடித்தான கலவை. வடிகட்டிய பிறகு எந்தச் சொட்டை எடுத்தாலும் ஒரே அளவு உப்பு, ஒருபடித்தான கலவை. சட்டியில் காய்ச்சினோம். அடியில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து, "சார், இது சேர்மம்தானே?" என்றார்கள். இல்லை, இதுவும் கலவைதான்! பெரும்பகுதி சோடியம் குளோரைடு, கூடவே மெக்னீசியம் உப்புகளும் உண்டு. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தண்ணி விடுவது முக்கியமாக அவற்றால்தான்.

சுத்தமான சோடியம் குளோரைடை எங்கே எடுத்தாலும் 100 கிராமில் சுமார் 39 கிராம் சோடியம், மீதி குளோரின். (சோடியம் தண்ணியில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்ததைத்தான் சோற்றில் போடுகிறோம்.) கடல்தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றேன். உடனே அந்தப் பிள்ளை, "மழ நாள்ல முகத்துவாரத்துல அவ்ளோ கரிக்காது சார், எங்கப்பா சொல்லுவாரு" என்றாள். சேர்மத்தில் விகிதம் மாறாது, கலவையில் மாறும்: இந்த வித்தியாசத்தை இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நாளை தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துத் தண்ணி வருகிறது. இரண்டிலும் 100 மில்லி காய்ச்சி, மிஞ்சும் உப்பை எடைபோடப் போகிறோம்.