தோட்டத்துப் பிக்கப்பில் பொலிரோ எஞ்சின் வைத்தோம்

எங்கள் ஏலத்தோட்டம் அணக்கரைக்கும் செல்லார்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. மேட்டு பிளாக்கில் நின்று கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வீடு கம்பத்தில், தோட்டம் கேரளத்தில். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இதுதான் வாழ்க்கை.

தோட்டத்தில் ஒரு மஹிந்திரா பிக்கப் இருக்கிறது. 1986 மாடல், நீள சேஸ், தகரக் கேபின், பின்னால் மரப்பலகைத் தொட்டி. ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. என் மாமா புதிதாக வாங்கியது. உரமூட்டை, மருந்து அடிக்கிற தண்ணீர் டேங்க், டிரையருக்கு விறகு, காய் பறிக்கிற எடுப்புக் காலத்தில் பச்சைக்காய் என்று எதுவானாலும் அதில்தான் போகும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய். அதனால் எங்கள் வண்டி சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று மாமா சொல்வார்.

அதில் இருந்தது பெஜோ டீசல் எஞ்சின், எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். 2112 சி.சி. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் ரொம்பச் சிரமப்பட்டது. மழைக்கால விடியலில் ஹீட்டர் பிளக்கை மூன்று தடவை சூடாக்கினால்தான் பிடிக்கும். மேட்டில் ஏறும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடுப்பு மாதிரி வரும். சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டின் கேஸ்கெட் இரண்டு முறை போனது. மூன்றாவது முறை ஹெட்டே விரிசல் விட்டது. நல்ல ஹெட் தேடி மதுரை, கோவை இரண்டு ஊரிலும் அலைந்தேன். கிடைத்தவை எல்லாம் ஏற்கெனவே வெல்டு வைத்தவை.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்ததும் நான் முதலில் போனது பட்டறைக்கு அல்ல, உத்தமபாளையத்தில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. வண்டி டி.என். பதிவு. ஆய்வாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தில் இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே வகை எஞ்சின் என்றால் முன்அனுமதி கேட்டு எழுதலாம். ஆனால் 2112 சி.சி. இருந்த இடத்தில் 2523 சி.சி. பொலிரோ எஞ்சின் வராது. அவர் சொன்னது அவ்வளவுதான்.

மாமா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. போடி ஏலத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் அந்த வண்டியில் எத்தனையோ முறை இறங்கியவர் அவர். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "ரோட்டுக்குப் போக வேண்டாம்டா மாப்பிள்ள. தோட்டத்துக்குள்ள ஓடட்டும்." வேலி போட்ட இடத்துக்குள் மட்டும் ஓடும்படி மாற்றிய தனி வகை வண்டியை, மோட்டார் வாகனம் என்ற வரையறையில் சட்டம் சேர்ப்பதில்லை. வக்கீலிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தோம். நம்பர் பலகையைக் கழற்றி ஸ்டோர் சுவரில் மாட்டியது மாமாதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எஞ்சினை மாற்றிவிட்டு, பழைய ஆர்.சி.யோடு மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது. எடுப்புக்குப் போகிற பெண்கள் ஏறுகிற வண்டியில் இப்படிச் செய்யவே கூடாது.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன்.

ஸ்கார்பியோவின் எம்ஹாக் எஞ்சின் மீது எனக்கு ஆசை இருந்தது. 2179 சி.சி., 120 குதிரைத்திறன். கம்பத்து மெக்கானிக் அண்ணன் ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: "தம்பி, தோட்டத்துக்குள்ள உனக்கு எதுக்கு 120?" அவர் காட்டியது பொலிரோவில் 2011 முதல் வந்த காமன் ரெயில் எஞ்சின், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஒரு பொதுக் குழாயில் இருந்து உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுவது. 2523 சி.சி., 63 குதிரைத்திறன்தான். பழைய பெஜோவுக்கு 62. காகிதத்தில் பார்த்தால் ஒரு குதிரைதான் கூடுதல். ஆனால் இழுவையைப் பாருங்கள். பெஜோ நிமிஷத்துக்கு 2000 சுற்றில் சுமார் 120 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். இது 1400 சுற்றிலேயே 195 கொடுக்கிறது. ஈர மண்ணில் லோடோடு ஏறுகிறவனுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். இந்த எஞ்சினின் பிளாக், பழைய இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வம்சம். பிஸ்டன் ஓடும் தூரம் 101.6 மில்லிமீட்டர், அதாவது சரியாக நாலு அங்குலம். அந்த அளவு டிராக்டர் காலத்தில் இருந்து மாறவில்லை. மேலே கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அடியில் இன்னும் டிராக்டர்தான். இது தெரிந்ததும் எனக்கு வேறு எஞ்சின் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கோவை உக்கடம் பக்கம், பின்பக்கம் அடிபட்ட பொலிரோ ஒன்று உடைப்புக்கு வந்திருந்தது. எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, ரேடியேட்டர், வயரிங், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய். பழைய நாலு கியர் பெட்டி இந்த இழுவையைத் தாங்காது என்பதால் கியர் பெட்டியையும் சேர்த்தே எடுத்தோம். இதில் நான் ஒரு தவறு செய்தேன். சாவி, சாவிப்பூட்டு, ஆக்சிலேட்டர் பெடல் மூன்றையும் கேட்டு வாங்கவில்லை. ஆக்சிலேட்டரில் கேபிள் கிடையாது, பெடலில் இருந்து மின்சாரமாகத்தான் ஈ.சி.யூ.வுக்குத் தகவல் போகிறது. அதோடு அது இம்மொபிலைசர் உள்ள மாடல். தன் சாவியைக் காணாத ஈ.சி.யூ. டீசலை விடவே விடாது. மறுபடி கோவைக்குப் போனேன். நல்லவேளை, அந்த மூன்றும் இன்னும் அங்கேயே ஒரு சாக்கில் கிடந்தன.

வேலை முழுவதும் எங்கள் ஸ்டோர் ஷெட்டில் நடந்தது. மாசியில் கடைசி எடுப்பு முடிந்ததும் தொடங்கினோம். ஆடிக்குள் அடுத்த எடுப்பு வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். மெக்கானிக் அண்ணன் ஞாயிறும் திங்களும் மேலே வருவார். மற்ற நாட்களில் நானும் தோட்டத்து டிரைவரும், அண்ணன் சொல்லிவிட்டுப் போனதைச் செய்வோம்.

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எஞ்சினை உள்ளே இறக்கினால் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் முன் ஆக்ஸிலில் இடித்தது. தூக்கினால் பானெட் மூடாது. இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி, கேபின் முன்தகட்டை வெட்டி உட்கார வைத்தோம். எஞ்சின் உட்காரும் மவுண்டிங்கை முதலில் அங்கங்கே புள்ளியாக டேக் வெல்டு மட்டும் வைத்து, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி, சைலன்சர் போகும் வழி, ஸ்டீயரிங் ராடு எல்லாம் பார்த்த பிறகே முழு வெல்டு. வெல்டு அடிக்கும் முன் பேட்டரியையும் ஈ.சி.யூ. சாக்கெட்டையும் கழற்றிவிட வேண்டும். அண்ணன் இதை ஒவ்வொரு ஞாயிறும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கியர் பெட்டியையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டை கட்டப்பனையில் ஒரு லேத்தில் வெட்டிச் சேர்த்து பேலன்ஸ் செய்தோம். கியர் பெட்டியின் வாய் சாய்ந்திருக்கும் கோணமும் பின் ஆக்ஸில் பினியனின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். பின் ஆக்ஸிலைத் தொடவில்லை. அதில் பினியன் 8 பல், கிரவுன் 43 பல். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலாவது கியரில் 3200 சுற்றுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. தோட்டத்துக்குள் இருபதைத் தாண்டுவதே இல்லை.

பழைய டீசல் டேங்கின் உள்ளே கை விட்டால் செம்மண் மாதிரி துரு வந்தது. பெஜோ அதைக் குடித்தும் ஓடியது. காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும், இன்ஜெக்டர் துவாரம் தலைமுடி அளவுதான். அதனால் புது டேங்க், புது குழாய், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் என்று எல்லாமே புதிது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வைகாசிக் கடைசியில் முதல் ஸ்டார்ட். அரைச் சுற்றில் பிடித்தது! ஷெட்டில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். பத்து நிமிஷம் ஓடி நின்றுவிட்டது. ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும், மறுபடி பத்து நிமிஷத்தில் நிற்கும். இதில் மூன்று வாரம் போனது. டீசல் பம்பு, ஃபில்டர், எஞ்சின் சுற்றுவதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். புது சென்சாரும் வாங்கினேன். கடைசியில் ஒரு ஞாயிறு அண்ணன் எதையும் கழற்றாமல், பேட்டரி நெகட்டிவில் இருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தடித்த வயரை நேராகப் பிடித்தார். ஒரு மணி நேரம் ஓடியது. சேஸ் முழுக்க நான் ஆசையாக அடித்த புதுப் பெயின்டின் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருந்தேன். சூடாகச் சூடாக அந்த இணைப்பு விட்டுப்போய், சென்சார் அனுப்புவது ஈ.சி.யூ.வுக்குக் கேட்காமல் போயிருக்கிறது. பெயின்டைச் சுரண்டி, மூன்று இடத்தில் தனித்தனி எர்த் கொடுத்தோம். அதன் பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம்தான் இறக்கம்.

எஞ்சின் மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைத்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மேட்டு பிளாக்குக்கு ஏறும் பாதையில் காலி வண்டி இரண்டாம் கியரில் முனகாமல் ஏறியது. திரும்பி இறங்கும்போது, பழைய பழக்கத்தில் அதே இரண்டாம் கியரில் காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே போனது. பெஜோ உயர்ந்த சுற்றில் கத்திக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடிக்கும். புது எஞ்சின் தாழ்ந்த சுற்றில் இழுப்பதற்கென்று செய்தது. இந்தக் கியர் பெட்டியின் இரண்டாம் கியரும் பழையதைவிட வேகமானது. பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அடைக்கிற மூடி டீசலில் இல்லை, அதனால் எஞ்சின் பிடிமானம் இயல்பிலேயே குறைவு. பிரேக்கை மிதித்தேன். நாலு டிரம், ஒரே லைன், மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டர் இல்லாத அந்தக் காலத்து பிரேக். பாதி மேட்டிலேயே லைனிங் கருகும் வாசம் வந்தது. மண்திட்டில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை நடுங்கியது.

கட்டப்பனை லேத்துச் சேட்டன் இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்: "ஆத்யம் பிரேக்கு, பின்னெ எஞ்சின்." முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின் என்று. நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் பிரேக் வேலை மட்டும்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி லைன் கொடுக்கும் பொலிரோ மாஸ்டர் சிலிண்டர். ஒரு லைன் உடைந்தாலும் மற்றது பிடிக்கும். அதனோடு பூஸ்டர். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்பு கொடுக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், இரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஆகவே இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது என்று கேபினில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். நாலு சக்கரத்துக்கும் புது டிரம், லைனிங், வீல் சிலிண்டர். எங்கள் டிரைவருக்கு, மேட்டின் தலையிலேயே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், நடுவில் கியர் மாற்றக் கூடாது என்று பழக்கினேன்.

காலி வண்டி, பத்து மூட்டை மண், இருபது மூட்டை மண் என்று ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அடியில் வந்ததும் டிரம் மேல் தண்ணீர் தெளித்து எவ்வளவு சுடுகிறது என்று பார்ப்போம். இருபது மூட்டையோடு, முதல் கியரில், பிரேக்கை இரண்டே இடத்தில் தொட்டு இறங்கிய அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மொத்தச் செலவு 2,60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில் 40,000 பிரேக்குக்கு. இனி யாராவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால், அந்த 40,000-ஐ முதலில் எடுத்து வையுங்கள். பழைய எஞ்சின் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடலாம். நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

ஆடி இரண்டாம் வாரம் முதல் எடுப்பு. மழை விடாமல் பெய்தது. மேட்டு பிளாக்கில் இருந்து பச்சைக்காய் மூட்டைகளோடு டிரைவர் இறங்கினார், மாமா முன்னால் உட்கார்ந்துகொண்டார், நான் தொட்டியில் மூட்டைகள் மேல். ஸ்டோர் வாசலில் நிறுத்தியதும் மாமா இறங்கி, முன்சக்கர டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "வெதுவெதுப்புதான்" என்றார். பிறகு டிரையருக்கு விறகு போடச் சொல்லி உள்ளே போய்விட்டார்.